வழுவமைதியா, வழு வழமையாதலா?

குழுவினருக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட இளைஞர்களுக்காகத் தீத்தடுப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'இடர் முகாமைத்துவம்' வரை சிக்கல் இல்லை (தமிழகத்து நண்பர்கள் மேலாண்மை என்று வாசித்துக்கொள்ளுங்கள்). 'நோர்மலைசேஷன் ஒஃப் டீவியன்ஸ்' (ஒரு தவறு நாளடைவில் சரியானதாகவே தோன்றிவிடுவது) வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

சமூகவியலாளர் டயான் வோன் 1996இல், சலெஞ்சர் விண்ணோடத்தைப் பற்றிய நூலில் விளக்கிய கருத்து இது. 1986 ஜனவரியில் அந்த ஓடம் கிளம்பி 73 செக்கனில் சிதைந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். ரொக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் முந்தைய பறப்புகளிலும் அரிபட்டிருந்தது. ஆனாலும் ஓடம் திரும்பி வந்துகொண்டிருந்ததால் அரிப்பு 'ஏற்கத்தக்க' ஒன்றாகிப் போனது. தீயணைப்பிலும் இதேதான். சுவாலை அடங்கியதும் மூச்சுக்கருவியைக் கழற்றிவிட்டு இடிபாட்டைக் கிளறுவார்கள். காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு அப்போதும் அங்கேதான் இருக்கும். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பதே இன்றைக்கு அனுமதியாகிவிடுகிறது.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பியூஸ் போனால் அப்பா தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவார். மெல்லிய கம்பி உருகத்தான் செய்யும், அதற்காகத்தான் அது இருக்கிறது. தடித்தது உருகாது; சுவருக்குள் ஓடும் வயர் சூடாகும். அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயும். பத்துக் காம்பராவுக்கும் (அறைக்கும்) ஒரே கூரை, இடைச்சுவர் கூரையைத் தொடாது. எத்தனையோ வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் அது தவறு என்பதே மறந்துபோயிற்று. இந்த மறதிக்குத்தான் சொல் வேண்டும்.

'விலகல் இயல்பாக்கம்' என்று ஒரு பரிந்துரை வந்தது. எனக்கு ஒப்பவில்லை. இங்கே உயர்தர மாணவனுக்கு விலகல் என்றால் புள்ளிவிபரவியலில் வரும் நியம விலகல்தான். 'ஆக்கம்' என்றால் யாரோ வேண்டுமென்றே செய்ததாகிறது. இது தானாக ஆவது. 'பிறழ்வு' என்றால் ஆளைப் பழிப்பதுபோல் இருக்கிறது, அப்பா பிறழ்ந்தவர் அல்லர்.

இலக்கணத்தில் 'வழுவமைதி' இருக்கிறதே, வழுவாக (பிழையாக) இருந்தாலும் ஒரு காரணம் பற்றிச் சரியென்று ஏற்பது, அதை எடுத்துக்கொள்ளலாமா?

—

மறுமொழி (சென்னையிலிருந்து):

> 'வழுவமைதி'... எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது ஐயா. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழுவமைதி. அங்கே உவப்பு என்ற காரணம் இருக்கிறது, நன்னூலார் அறிந்தே அமைதி சொல்கிறார். உங்கள் பியூஸ் கம்பிக்கு எந்த நூலாரும் அமைதி சொல்லவில்லை! அந்தச் சொல்லை வைத்தால் தவறுக்கு நீங்களே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். 'வழு' மட்டும் போதும். 'வழுப்பழக்கம்' எப்படி?

—

மறுமொழி:

சரி, வழுவமைதியை விட்டேன். நல்ல பிடி. ஆனால் பழக்கம் என்றால் தனியாள் விஷயமாகிவிடுகிறது, வெற்றிலை போடுவதுபோல. இது கூட்டமாக நடப்பது. புதிதாக வந்தவன் 'ஏன் இப்படி?' என்று கேட்டால் லயமே சேர்ந்து 'எப்பயும் இப்படித்தானே' என்கிறது. அதனால் 'வழு வழமையாதல்' என்று வைக்கிறேன். வழமை இலங்கையில் செய்தித்தாளிலேயே புழங்கும் சொல். நிகழ்வுக்கு 'வழு வழமையாதல்', அந்தக் கம்பிக்கு 'வழமையான வழு' என்று இரண்டுக்கும் வடிவம் கிடைக்கிறது; வழுப்பழக்கத்தில் இரண்டாவது வராது. பயிற்சியில் 'உங்கள் லயத்து வழமையான வழு என்ன?' என்று கேட்கவும் முடியும்.

வாய்க்குக் கொஞ்சம் வழுக்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் பாடத் தலைப்பை மட்டும் 'ஒண்ணும் ஆகலயே!' என்று வைத்துவிட்டேன்.

அப்புறம், அடுத்த பக்கத்தில் 'நியர் மிஸ்' (விபத்து நடக்கவிருந்து மயிரிழையில் தப்புவது) காத்திருக்கிறது. 'மயிரிழைத் தப்பு' என்று எழுதினேன். படித்துப் பார்த்த தம்பி, யார் செய்த தப்பு என்று கேட்கிறான். 'நூலிழைத் தப்பல்' பரவாயில்லையா?