பாரோஸ் சிறுமியின் கையிலிருப்பது புறாவா, உயிரா?

தாழைமடல்:
நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, கிரேக்கத்தின் பாரோஸ் தீவுக் கல்லறைப் பலகையை "செல்லப் பறவையோடு ஒரு குழந்தை" என்று எல்லோரும் எழுதிவிட்டுப் போகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கி.மு. 450–440 காலத்துப் பளிங்கு, 80 செ.மீ. உயரம். சிறுமி ஒரு புறாவின் அலகைத் தன் உதட்டோடு சேர்க்கிறாள். இன்னொன்று கையில் அமர்ந்திருக்கிறது. தலை குனிந்திருக்கிறது, முகத்தில் சிரிப்பு இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எழுப்பிய கல்லில் வெறும் விளையாட்டையா செதுக்கச் சொல்லியிருப்பார்கள்? புறா, கிரேக்கரின் காதல் தெய்வமான அப்ரோடைட்டியின் பறவை. மணக்கோலம் காணாமலே இறந்துபோன பெண்ணுக்கு அந்தத் தெய்வத்தின் பறவையைக் கொடுத்திருக்கிறார்கள். பறந்துபோகும் உயிரும் அதுதான்.

கல்லுளி:
ஏதென்ஸ் பக்கத்துப் பிரௌரோனில், ஆர்ட்டெமிஸ் என்ற பெண் தெய்வத்தின் கோயிலுக்குப் பெற்றோர் காணிக்கையாக வைத்த குழந்தைச் சிலைகளைப் பாருங்கள். அங்கும் சிறுமியர் கையில் பறவை இருக்கிறது, முயல் இருக்கிறது. அவை கல்லறைக் கற்கள் அல்ல. பிள்ளைகளைத் தெய்வத்தின் காவலில் ஒப்படைத்துச் செய்த நேர்த்திக்கடன்கள். அங்கே பறவையாக இருப்பது கல்லறைக்கு வந்ததும் உயிராகிவிடுமா?

உயிரை வரைய நினைத்தபோது ஏதென்ஸ்காரர்கள் அதற்கென்று ஓர் உருவம் வைத்திருந்தார்கள். அதே நூற்றாண்டின் வெண்பூச்சு லெகிதோஸ் சாடிகளில் (இறந்தவர்களுக்குப் படைத்த எண்ணெய்ச் சாடிகள்) உயிர் என்பது சிறகு முளைத்த மிகச் சிறிய மனித உருவம். புறா அல்ல.

பாரோஸ் சிற்பி எதில் உழைத்திருக்கிறான் என்பதைக் கவனியுங்கள். இடைக்கச்சை இல்லாத பெப்லோஸ் என்ற கிரேக்கப் பெண்கள் உடை பக்கவாட்டில் திறந்து கிடக்கிறது. கைகளில் குழந்தைச் சதை. துணி மடிப்புகளின் ஊடாக அவள் நிற்கும் நிலை தெரிகிறது. இதே அருங்காட்சியகத்தில் கி.மு. 530 அளவில் செய்த, நான்கு மீட்டருக்கும் உயரமான அண்ணன்–தங்கை பலகை இருக்கிறது. அதில் தங்கை பெரியவளின் குறு உருவம், அவ்வளவுதான். ஒரு நூற்றாண்டுக்குள் குழந்தையைக் குழந்தையாகவே பார்க்கும் கண் வந்துவிட்டது. எனக்கு இதைவிடப் பெரிய செய்தி அந்தக் கல்லில் இல்லை.

தாழைமடல்:
நீங்கள் சொல்லும் அதே பலகையில் அண்ணன் கையில் என்ன இருக்கிறது? மாதுளை. பாதாள அரசனின் மனைவியான பெர்செபோனியைப் பாதாளத்தோடு பிணைத்த கனி. அதை வழியில் தின்பதற்கு எடுத்துப்போகிறான் என்பீர்களா? உயிர் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்தாலும் மணம் பற்றி நான் சொன்னதை நீங்கள் தொடவேயில்லை. சிறுமியரின் கல்லறைப் பலகைகள் பலவற்றில் பொம்மை வருகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும், மெலிஸ்டோ என்ற சிறுமியின் பலகை கி.மு. 340 அளவினது: ஒரு கையில் பொம்மை, மறு கையில் பறவை, எட்டிப் பாயும் குட்டை நாய். இத்தகைய பலகைகளில் பொம்மை பெரும்பாலும் குழந்தை வடிவில் இருப்பதில்லை. மார்பு வளர்ந்த மங்கை வடிவில் இருக்கிறது. அவள் ஆகாமல் போனது எதுவோ அதைக் கையில் பிடித்திருக்கிறாள். இதைப் பார்த்த பிறகும் வெறும் விளையாட்டுப் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீர்முள்ளி:
இருவரும் கல்லில் எழுதியிருக்கும் பாட்டை விட்டுவிட்டீர்கள். ஏதென்ஸின் கெராமெய்கோஸ் இடுகாட்டில் கிடைத்த ஆம்பரெட்டி பலகையில் ஒரு பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அதற்குப் பறவை காட்டுகிறாள். முகம் இளமையானது, தாய் என்றுதான் நினைப்போம். மேலே இருக்கும் பாட்டு, அவள் பாட்டி என்கிறது: என் மகளின் அன்புக் குழந்தையை, இருவரும் உயிரோடு வெயிலைக் கண்ட நாளில் மடியில் வைத்திருந்தேன், இறந்த நான் இறந்த அதனை இப்போதும் ஏந்தியிருக்கிறேன். முதுமையைக்கூடக் காட்டாத சிற்பத்தை இயல்பு என்று எப்படிச் சொல்வது? பட்டறையில் பொதுவாகச் செய்து வைத்த உருவத்தைக் குடும்பம் வாங்கி, துயரத்தைப் பாட்டில் எழுதியிருக்கலாம்.

கல்லுளி:
அப்படியானால் ஏதென்ஸ் பக்கத்து வாரி என்ற ஊரில் கிடைத்த ம்னெசகோரா, நிகோகாரெஸ் கல்லுக்கு வாருங்கள். அக்காவும் தம்பியும், கி.மு. 420 அளவு. அவர்களைக் காட்ட இயலாது, தெய்வ விதி கொண்டுபோய்விட்டது என்று பாட்டு சொல்கிறது. அதன் கீழேயே அக்கா பறவையை நீட்ட, தம்பி கீழிருந்து கையைத் தூக்கி எட்டுகிறான். அந்த எட்டலைப் பட்டறைப் பழக்கம் என்று என்னால் கடந்துபோக முடியாது. தாழைமடல், உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: பறவையை வாங்கத் துடிப்பவன் ஆண்பிள்ளை. அவனுக்கும் மணக்கோலமா?