காபனுக்காக மரம் நடும் மலையில் எங்கள் சம்மதம் தேவையில்லையா?

தலவாக்கலை வாசகி:
வணக்கம். எங்கள் தோட்டத்தில் பல வருடங்களாகக் கொழுந்து எடுக்காமல் காடாகிப்போன ஒரு மலையில், வளியிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதற்காக மரம் நடப்போவதாகவும், அதற்குரிய காபன் வரவுகள் (உறிஞ்சப்படும் காபனின் அளவுக்குக் கிடைக்கும், புகை வெளியேற்றுவோர் அதை ஈடுசெய்ய விலைக்கு வாங்கும் சான்றுகள்) வெளிநாட்டுக்கு விற்கப்படும் என்றும் தோட்டத்துரை அறிவித்தார். அந்த மலையடியில் 17 குடும்பங்கள் போஞ்சியும் லீக்ஸும் பயிரிடுகின்றன. பீலிக்குத் தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது. எங்களைக் கேட்காமல் இதைச் செய்யலாமா?

பண்டாரவளை வாசகர்:
சகோதரி, காணி யாருடையது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. லயக்காம்பராவில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோரில் பெரும்பாலானோரிடம் இன்றுவரை காணி உறுதி இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் தரப்பாக உங்களை யாரும் கருதமாட்டார்கள். ஆனாலும் இத்தகைய திட்டங்களைச் சான்றுபடுத்தும் அமைப்புகள், அவ்விடத்து மக்களுடன் கலந்தாலோசிக்க வேண்டுமென நிபந்தனை விதிக்கின்றன. கூட்டத்தின் வருகைப் பதிவில் நீங்கள் இடும் கையொப்பமே அதற்கு ஆதாரமாகக் காட்டப்படலாம் என்பதால் கவனமாக இருங்கள். குத்தகை நிபந்தனைகளை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச நிறுவனங்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நானுஓயா ஆசிரியர்:
வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தும் வழிகளில், இந்நூற்றாண்டில் 10,000 கோடி முதல் 1,00,000 கோடி தொன் வரையான காபனீரொட்சைட்டை வளியிலிருந்து அகற்ற வேண்டியிருக்கும் என 2018 இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு கூறியது. 2024 இல் ஐஸ்லாந்தில் இயங்கத் தொடங்கிய பெரிய உறிஞ்சும் ஆலையின் வடிவமைப்புக் கொள்ளளவே வருடத்துக்கு 36,000 தொன்தான். அதனால்தான் எல்லோருடைய கண்ணும் மலிவான காணியின் மீது விழுகிறது. ஆனால் வரட்சிக் காலத்தில் மானாப்புல்லில் பற்றும் தீ மரங்களுக்குப் பரவினால், சேமித்த காபன் ஒரே பிற்பகலில் வளிக்குத் திரும்பிவிடும். காபன் வரவை நம்பி வாங்கியவர் வெளியேற்றிய புகையோ அப்படியே வானில் நிற்கும்.

ஹப்புத்தளை தொழிலாளி:
எங்கள் டிவிசனில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மிளாறைக் கரியாக்கி மண்ணில் இடும் பேச்சு நடக்கிறது. அந்தக் காபன் நெடுங்காலம் தங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அடுப்பெரிப்பது அந்த மிளாறைத்தான். 2022 இல் எரிவாயுவுக்கு நாடே வரிசையில் நின்றபோது எங்கள் வீடுகளில் சோறு வெந்ததும் அதனால்தான்.

தலவாக்கலை வாசகி:
அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்போம். வருகைப் பதிவில் “வந்தேன், சம்மதம் தெரிவிக்கவில்லை” என்றெழுதியே கையொப்பமிடுவதென்று மாதர் சங்கத்தில் முடிவு செய்துள்ளோம்.