பழைய போல்டர் திறக்குதில்ல, தெரிஞ்சவங்க சொல்லுங்க

களுவாஞ்சிக்குடில இருந்து கேக்கிறன். வீட்டுக் கொம்பியூட்டருக்கு விண்டோஸ் 10 திருப்பி அடிச்ச பிறகு டி டிரைவ்ல உள்ள பழைய போல்டர் எதைத் தொட்டாலும் அக்சஸ் டினைட் எண்டு வருது, அக்காட கலியாணப் போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான். ப்ரொப்பர்ட்டீஸ், செக்கியூரிட்டி, அட்வான்ஸ்ட் போய் ஓனர என்ட பேருக்கு மாத்தினன், மறுகா சப் போல்டருக்கும் டிக் போட்டன், கனக்கத் திறந்திட்டு. ஆனா சிலதுல சின்னப் பூட்டுப் படம் கிடக்கு, அதுகள் அசையுதேயில்ல. அது ஈஎப்எஸ் என்கிரிப்ஷனாம் (விண்டோஸே பைல்களப் பூட்டி வைக்கிற முறை), ஓனர் மாத்தி வேலையில்லையாம், பழைய யூசர்ட சர்டிபிகேட், அதாவது பூட்டத் திறக்கிற கீ, வேணுமாம். பேக்கப் எடுத்து வைக்க யாருக்கு அப்ப தெரியும்!

சி டிரைவ்ல பழைய விண்டோஸ்ட பைல்கள் கிடக்கிற விண்டோஸ் ஓல்ட் போல்டர் இன்னும் இருக்கு, பழைய பாஸ்வேர்டும் தெரியும். அதுக்குள்ள இருந்து அந்தக் கீய எடுக்க ஏலுமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. கல்முனைல ஒரு கடைல போர்மட் பண்ணச் சொல்றாங்க, அது மட்டும் வேணா.