மழை, மங்கிய விளக்கு, பிள்ளைகளின் ஆட்டம்: படம் எடுத்தவர்கள் பகிருங்கள்

திருப்பாதிரிப்புலியூர் தந்தை:

பெண் பிள்ளைகளின் கபடிப் போட்டி. பகலெல்லாம் மழை கொட்டியதால் ஆட்டங்கள் தள்ளிக்கொண்டே போய், என் மகளின் அணி களமிறங்கும்போது இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. கடைசி ரெய்டு அவளுடையது. மூன்று பேர் காலைப் பிடித்துவிட்டார்கள். குப்புற விழுந்தவள் அப்படியே உடலை இழுத்து, நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டித் தொட்டுவிட்டாள்! நான் கோட்டுக்கு நேராக உட்கார்ந்து விடாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, அதற்கடுத்தது மஞ்சள். விரல் கோட்டைத் தொடும் அந்த ஒரே படத்தில் முகத்தின் குறுக்கே கரிய பட்டை. கண்ணுக்கு விளக்குகள் சீராகத்தான் எரிந்தன. ஷட்டர் வேகம் 1/1000 நொடி. அவள் தினமும் அந்தப் படத்தைக் கேட்கிறாள். வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

வில்லியனூர்:

எங்கள் ஊர் இரவு நேரக் கால்பந்திலும் இதே கதைதான், ஐயா. ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள், பட்டை போய்விடும். கோல்கீப்பர் பையன் பாய்ந்து பந்தைப் பிடித்த படம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பந்து சற்றே கலங்கியிருக்கிறது, ஆனால் அவன் முகம் முழுதாக இருக்கிறது. அந்தப் பையனின் தாத்தா அதைப் பெரிதாக அச்சிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

லாஸ்பேட்டை:

வில்லியனூர் நண்பர் சொல்வது பாதி உண்மை. 1/100ல் பட்டை வராது, ஆனால் கபடியில் கையும் காலும் கரைந்துபோகும். கோல்கீப்பர் தாவி உச்சிக்குப் போகும்போது ஒரு நொடித்துளி நிற்பதுபோல் இருப்பார், அதனால் அவருக்கு அது ஒத்துவந்தது. காலைப் பிடித்து இழுக்கப்படும் பிள்ளை எங்கே நிற்கப்போகிறாள்?

என் அனுபவம் சிறியது. உள்ளரங்கில் சிறுவர்களின் பூப்பந்து, ஒரு சிறுமி பின்கோட்டிலிருந்து தாவி அடித்த அடி. பத்துப் படங்களில் நான்கு தேறின, அவ்வளவுதான். ஏன் நான்கு மட்டும் என்று துருவியபோதுதான் விஷயம் பிடிபட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சோடியம் விளக்கும், மலிவான டிரைவர் (மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாகம்) பொருத்திய எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கண் அதைச் சேர்த்துப் பார்த்துவிடுகிறது. 1/1000 நொடி என்பது அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டு மட்டுமே. உச்சியில் விழுந்தால் வெளிச்சம், பள்ளத்தில் விழுந்தால் இருட்டு. மேலும் அந்த வேகத்தில் ஷட்டர் முழுதாகத் திறப்பதில்லை, ஒரு குறுகிய இடைவெளிதான் படத்தின் குறுக்கே ஓடுகிறது. அது ஓடி முடிப்பதற்குள் விளக்கு மங்கினால் அந்த இடத்தில் பட்டை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால், பெரும்பாலான கேமராக்களில் இது இன்னும் மோசமாகும்.

ஐயா, உங்கள் கேமராவில் ஃபிளிக்கர் (இந்த விளக்குத் துடிப்பு) குறைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கேனானில் 2014ல் வந்த 7டி மார்க் 2 தொடங்கிப் பல கேமராக்களில் இருக்கிறது. விளக்கு உச்சிக்கு வரும் கணத்துக்காகக் காத்திருந்து அது ஷட்டரைத் திறக்கும். தொடர் படங்களின் வேகம் சற்றுக் குறையும், பரவாயில்லை. அது இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். கம்பங்கள் மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு ஃபேஸில் இணைக்கப்பட்டிருந்தால், ஒன்று மங்கும்போது மற்றொன்று ஏறும். இரண்டு மூன்று கம்பங்களின் வெளிச்சம் கலக்கும் பக்கத்தைக் குறிவைத்து உட்காருங்கள். ஒற்றைக் கம்பத்தின் அடியில் ஆடும் ஆட்டம்தான் அதிகம் பாதிக்கப்படும். ஷட்டர் 1/500க்குக் கீழே வேண்டாம். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவு, 6400 என்றாலும் அஞ்ச வேண்டாம். அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய முகத்தை யாராலும் மீட்க முடியாது. நிறைய வெளிச்சம் வாங்கும் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் விலையும் குறைவு, கபடிக் களத்துக்குப் போதும். ஃபிளாஷை மட்டும் தொடாதீர்கள், ரெய்டு போகும் பிள்ளையின் கண் கூசும்.

கரும்பட்டை விழுந்த அந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். ரா கோப்பு (கேமரா பதிந்த மூலக்கோப்பு) இருந்தால் பட்டை விழுந்த பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சம் கூட்டலாம். முகம் ஓரளவு திரும்பக் கிடைக்கும்.

நெய்வேலி, செம்மண்:

விளக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது நண்பகலில். சிலம்பப் பயிற்சி, செம்மண் திடல், நிழலே இல்லை. வெள்ளைச் சீருடை, கறுத்த பிள்ளைகள், உச்சி வெயில். கேமராவின் வெளிச்சக் கணக்கு சட்டையைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிவிடும், கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிகள்தான் தெரியும். நான் சட்டையை விட்டுவிட்டு முகத்தோலுக்கு அளவெடுத்து எடுத்தேன். செம்மண்ணில் பட்ட வெயில் கீழிருந்து மேலே தெறித்து, அந்தப் பிள்ளையின் தாடையும் கன்னமும் செம்பு நிறத்தில் மின்னின. கம்பு சுழலும் வட்டத்துக்குள் அந்த முகம். அவ்வளவு அழகு!

படங்களை அச்சிடக் கொடுத்த இடத்தில் எல்லா முகங்களையும் வெளுக்க வைத்துத் தந்துவிட்டார்கள். அந்தச் சிறுமி படத்தைக் கையில் வாங்கி, நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு அக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே வேறிடத்தில் மீண்டும் அச்சிட்டேன். அச்சிடக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் "நிறத்தைத் தொடாதீர்கள்" என்று எழுதியே கொடுங்கள். கைபேசியில் முக அழகூட்டல் தானாகவே இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

தேவனாம்பட்டினம்:

அக்கா சொன்னதை நூறு முறை வழிமொழிகிறேன்.

என்னுடையது கடற்கரைக் கைப்பந்து, சில்வர் பீச். விடியற்காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நேராக லென்ஸுக்குள் வரும். எல்லாரும் கரைப்பக்கம் திரும்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஸ்மாஷ் அடிக்கத் தாவியபோது நான் கடல் பக்கம் திரும்பினேன். கருநிழலாக அவள் உடல், உள்ளங்கையிலிருந்து உதிரும் மணல் மட்டும் பொன்துகள்களாக. இன்றுவரை நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அது. அவள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, "முகமே தெரியலையே" என்றார். யார் பக்கம் நியாயம் என்று இன்னும் எனக்குள் வாதம் நடக்கிறது.

பிற்பகலில் அங்கே போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடற்காற்று எழுந்துவிட்டால் உப்புத்துளியும் மணலும் சேர்ந்து வரும். அங்கே லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள். வீடு திரும்பியதும் மணலை ஊதித் தட்டிவிட்டு, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடைத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துப்போகும். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்துப் பிறகு எடுங்கள்.

பாகூர்:

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நீர் வடிந்த பிறகு எங்கள் பக்கத்துத் திடல் முழுக்க வண்டல். வீட்டுக்குள்ளிருந்து சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த பையன்கள், மாலையில் அந்த வண்டல் மேலேயே பந்தை உருட்ட ஆரம்பித்தார்கள். கோல் கம்பத்துக்குப் பதில் நனைந்த பாய்ச்சுருள்கள். டிசம்பர் வெயில் சாய்ந்து விழுந்ததால் ஒவ்வொரு காலடித் தடமும் ஒரு பள்ளமாகத் தெரிந்தது. கோல் போட்டவன் ஓடிப்போய்ச் சேற்றில் சறுக்கி விழுந்து சிரித்தான். அவன் வீட்டில் பாடப்புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது எனக்குத் தெரியும். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

முதலியார்பேட்டை:

மழையில் எடுப்பதைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஐப்பசி மழை, பதினாறு வயதுக்குட்பட்டோர் கால்பந்து. எதிர்ப்பக்க விளக்கு மழைக்குப் பின்னால் இருந்தது. 1/1000ல் துளிகள் முத்துமுத்தாக உறைந்தன, 1/125ல் கோடுகளாக இறங்கின. ஒரு பையன் தலையால் பந்தை முட்டியபோது முடியிலிருந்து நீர் வட்டமாகச் சிதறியது. அதை எடுத்து முடித்த கையோடு கடல்பக்கம் இடி. நடுவர் உடனே ஊதிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார். படம் எடுக்க வந்த இரண்டு பேர் மட்டும் உலோக முக்காலியோடு வேலி ஓரம் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களைப் பார்த்து மூன்று சிறுவர்கள் திரும்பவும் மைதானத்துக்குள் ஓடினார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வில்லியனூர்:

மின்னல் எதிர்ப்பக்கம் தூரத்தில்தானே இருந்திருக்கும்? நல்ல வானம் அமைவது அரிது. எல்லாரும் ஓடிவிட்டால் அந்தப் படத்தை யார் எடுப்பது?

முதலியார்பேட்டை:

தம்பி, இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டாலே மின்னல் நம்மை எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒளிக்கும் ஒலிக்கும் இடையே மூன்று நொடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் சத்தம் வந்தால் உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. தகரக் கூரை போட்ட திறந்த கேலரியும் மரத்தடியும் பாதுகாப்பல்ல. சுவர் உள்ள கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார் வேண்டும். கையில் கேமரா இருக்கும் பெரியவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அந்த வானத்தைக் கட்டடத்து ஜன்னலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.