ஞாயிறு கல்கிசைக்குப் போறதுக்கு முன்னம் (வெள்ளவத்தைச் சொந்தங்கள் குழு)

தர்ஷி: ஞாயிறு எல்லாரும் கல்கிசைக் கடற்கரைக்குப் போறம். பிள்ளையளுக்கு பாட்டா றப்பர் செருப்புக் காணும்தானே? அப்பப்பாவும் வாறார்.

ரவி அண்ணை: மணலுக்குக் காணும் தங்கச்சி, தண்ணிக்குக் காணாது. அலை இழுக்கேக்க கழண்டுபோகப் பாக்கும். அதைப் பிடிக்கக் கால்விரலை மடக்கிக்கொண்டு நடந்தால் கணுக்கால் பிரளும். குதிக்குப் பின்னால வார் உள்ளதா வாங்குங்கோ. கடையில போட்டுட்டுக் குதிப்பக்கம் இழுத்துப் பாருங்கோ, கழண்டால் வேண்டாம்.

தர்ஷி: சப்பாத்தும் சொக்ஸும்?

ரவி அண்ணை: வேண்டாம். தண்ணி வடியாது, பாரமாகும். ஈரச் சொக்ஸுக்குள்ள நிக்கிற மணல் அரம் மாதிரி உரசிக் கொப்புளம் போடும்.

கலா அன்ரி: அப்பப்பாவுக்குச் சீனி வருத்தம் எல்லோ? ஒரு அடிகூட வெறுங்காலோட விடாதேங்கோ. மரத்த காலுக்கு மத்தியான மணல் சுடுறதும் தெரியாது, போத்தல் ஓடு வெட்டினாலும் தெரியாது. 4 மணிக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போங்கோ. செருப்புப் போட முதல் கவிட்டுத் தட்டி, உள்ளுக்குக் கைவிட்டுத் தடவுங்கோ. வீட்ட வந்து கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரமில்லாமல் துடைச்சு, உள்ளங்காலை நல்ல வெளிச்சத்தில பாருங்கோ. சின்னக் கீறல் எண்டாலும் விடக்கூடாது.

நிரோஷ்: கரையோரமா நடக்கலாமோ அன்ரி?

ரவி அண்ணை: ஈரமா இறுகின மணலில நடவுங்கோ. எங்கட பக்கம் வத்துப்பெருக்கு (கடல் ஏறி இறங்கிற உயரம்) ஒரு மீற்றரும் இல்லை, அதால அந்த இறுகின பட்டை ஒடுக்கம், சரிவும் இருக்கும். ஒரு கால் மேல, ஒரு கால் கீழ. ஒரே பக்கமாப் போகாமல், போன அளவு திரும்பி வாங்கோ, சரிவு ரெண்டு காலுக்கும் மாறும். அலைக்குள்ள அசையாமல் நிக்கவும் வேண்டாம். பாதத்துக்குக் கீழ மணல் அரிபட்டுக் கால் புதையும், அடுத்த அலை உடம்பைத் தள்ளும், கணுக்கால் மட்டும் அங்கேயே பிடிபட்டு நிக்கும். பிரளுறது அப்பதான்.

தர்ஷி: எங்கட ஒழுங்கைக்கு நேர கடல் பக்கம்?

ரவி அண்ணை: ரெயில் பாதைக்கு அங்கால கருங்கல்லில பாசி. அதில ஏறவே வேண்டாம்.

கலா அன்ரி: கணுக்கால் பிரண்டால் துணி சுத்தி ஐஸ், 15-20 நிமிசம். பிறகு 3 அங்குல இழுபடுற பண்டேஜ். விரலடியில ரெண்டு சுத்து, கணுக்காலைச் சுத்தி 8 மாதிரி, ஒவ்வொரு சுத்தும் முந்தினதில பாதியை மூடோணும். விரல் நீலிச்சாலோ மரத்தாலோ தளர்த்துங்கோ. நாலு அடி வைக்க ஏலாட்டி, கணு எலும்பின்ர பின்பக்கம் அமத்த நொந்தால், எக்ஸ்ரே எடுக்கோணும்.

நிரோஷ்: கடல் முள்ளெலி குத்தினால்?

கலா அன்ரி: வெளியில தெரியிற முள்ளைச் சாவணத்தால நேர இழுங்கோ. ஆழமாப் போனதைத் தோண்டினால் உடையும், டொக்டரிட்ட விடுங்கோ. திருக்கை குத்தினால் தாங்கக்கூடிய சுடுதண்ணி, 45 பாகை செல்சியசுக்கு மேல போகப்படாது. 30 முதல் 90 நிமிசம் கால் வைக்கோணும். சூட்டை வேற ஆள் கைவிட்டுப் பாக்கோணும், குத்தின காலுக்குச் சூடு விளங்காது. முள்ளு ஆழமா நிண்டால் பிடுங்காதேங்கோ, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்ட காலமும் பாருங்கோ.

தர்ஷி: சரி அன்ரி. நாளைக்குக் காலமை அப்பப்பாவைச் செருப்புக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறன்.

ரவி அண்ணை: பின்னேரம் போங்கோ. காலமை அளவுக்கு எடுத்தால், பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கி வார் வெட்டும்.