ஒரே லேப்ல பாதி சிஸ்டத்துக்கு வேற ஐபி வருது, டிஎச்சிபி சர்வர் தெரிஞ்சவங்க உதவுங்க

லேப்_இன்சார்ஜ்:
வணக்கம் நண்பர்களே, எங்க காலேஜ் லேப்ல 40 சிஸ்டம் இருக்கு, இதுவரைக்கும் எல்லாத்துக்கும் கையாலதான் ஐபி போட்டுட்டு இருந்தோம். இப்ப ஒரு பழைய பிசில உபுண்டு போட்டு, சிஸ்டங்களுக்குத் தானாவே ஐபி குடுக்கிற ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வர் ஏத்திருக்கேன். சர்வர் ஐபி 192.168.10.2, பூல் (குடுக்கிறதுக்கு ஒதுக்கின ஐபிங்க) 192.168.10.100ல இருந்து 200 வரைக்கும். பாதி சிஸ்டத்துக்கு சரியா வருது, மீதிக்கு 192.168.0ல ஆரம்பிக்கிற ஐபி வருது, அதுல நெட் கிடைக்கல. சர்வர் லாக்ல எந்த எரரும் இல்ல. அடுத்த வாரம் பிராக்டிகல் எக்ஸாம், பசங்க பாவம், சீக்கிரம் சொல்லுங்க.

வயர்மேன்:
உங்க சர்வர்ல தப்பு இல்ல ப்ரோ, அதே நெட்வொர்க்ல இன்னொரு டிஎச்சிபி ஓடுது. சிஸ்டம் ஆன் ஆனதும் "யாராச்சும் ஐபி குடுங்க"ன்னு எல்லாருக்கும் சேர்த்து பிராட்காஸ்ட்ல கேக்கும், பெரும்பாலும் யாரோட ஆஃபர் முதல்ல வருதோ அதையே எடுத்துக்கும், அதனாலதான் பாதி அங்க பாதி இங்க. தப்பான ஐபி வந்த விண்டோஸ் சிஸ்டத்துல கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் ஆல் குடுத்துப் பாருங்க, டிஎச்சிபி சர்வர்னு ஒரு வரி இருக்கும், ஐபி குடுத்தது யாருன்னு அதுலயே தெரிஞ்சிடும். மேனேஜ்டு சுவிட்ச்னா (உள்ள போய் செட்டிங்ஸ் பாக்க முடியுறது) அந்த சர்வரோட மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட சொந்த நம்பர்) எந்த போர்ட்லன்னு தேடலாம், சாதா சுவிட்ச்னா ஒவ்வொரு கேபிளா கழட்டித்தான் பாக்கணும்.

பழைய_அட்மின்:
மேல சொன்னது சரி. 169.254ல வந்திருந்தா சர்வரே பதில் சொல்லலன்னு அர்த்தம், ஃபயர்வால்ல யுடிபி 67, 68 போர்ட் பாக்க சொல்லிருப்பேன், உங்களுக்கு அது இல்ல. இன்னொண்ணு தம்பி, ஐஎஸ்சி டிஎச்சிபிய அத உருவாக்குன ஐஎஸ்சி அமைப்பே 2022 கடைசியோட நிறுத்திட்டாங்க, யூடியூப் வீடியோ எல்லாம் இன்னும் அதையேதான் காட்டுது. எக்ஸாம் முடிஞ்சதும் அவங்களோட புது டிஎச்சிபி சர்வர் கியாவுக்கு மாறிடுங்க, ஒரு லேபுக்கு டிஎன்எஸ்மாஸ்க்ங்கிற சின்ன சர்வர் கூட தாராளமா போதும். பிரிண்டருக்கு எப்பவும் ஒரே ஐபி வர்ற மாதிரி மேக் அட்ரஸ வச்சு ரிசர்வேஷன் போட்டுடுங்க, இல்லன்னா ஐபி மாறுற அன்னிக்கு பிரிண்ட் வராம அலைவீங்க.

லேப்_இன்சார்ஜ்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அந்த வரில 192.168.0.1னு இருந்துச்சு, கேபிள கழட்டிக் கழட்டிப் பாத்ததுல பக்கத்து செமினார் ஹால்ல யாரோ வைஃபைக்காக ஒரு ரூட்டர மாட்டி, நம்ம சுவிட்ச்ல இருந்து போற கேபிள அதோட லேன் போர்ட்ல சொருகி வச்சிருக்காங்க. அதைக் கழட்டிட்டேன். ஆனா சில சிஸ்டம் ரீஸ்டார்ட் பண்ணாலும் பழைய ஐபியவே பிடிச்சிட்டு இருக்கு, ஏன்?

வயர்மேன்:
லீஸ் (ஐபிய வச்சுக்க சர்வர் குடுத்த நேரம்) முடியாத சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய ஐபியதான் திரும்பக் கேக்கும். உங்க கான்ஃபிக்ல ஆத்தரிடேட்டிவ்னு ஒரு வரி இருக்கணும், அது இருந்தாதான் சர்வர் "அந்த ஐபி இங்க செல்லாது"ன்னு மறுத்து புதுசு குடுக்கும், இல்லன்னா கண்டுக்காம விட்டுடும். அதைச் சேர்த்து சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணுங்க, அவசரம்னா அந்த சிஸ்டம்ல மட்டும் ஐபிகான்ஃபிக்ல ரிலீஸ், ரின்யூ குடுத்துடுங்க. செமினார் ஹாலுக்கு வைஃபை நிஜமாவே வேணும்னா அந்த ரூட்டர்ல டிஎச்சிபிய ஆஃப் பண்ணிட்டு, அதுக்கு 192.168.10ல பூலுக்கு வெளிய ஒரு ஐபி குடுத்து மாட்டுங்க, அப்ப போனுக்கும் உங்க சர்வரே ஐபி குடுக்கும். ஆனா போன் நிறைய வரும், 101 ஐபி பத்தாது, பூல பெருசாக்கி லீஸ் டைம ஒரு மணி நேரமா குறைச்சிடுங்க.