போலியோ காலும் வீட்டுப் பயிற்சியும்: நம்மவர்களுக்கு என் அனுபவம்

சின்ன வயசில் போலியோ வந்து, நாற்பதைத் தாண்டிய பிறகு "நேத்து வரைக்கும் ஏறின படிதானே, இப்ப ஏன் முடியல?" என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வீட்டிலேயே தசைப் பயிற்சி செய்வதைக் கேள்விப்பட்டு நம்மவர்கள் பலர் விவரம் கேட்டார்கள். என்ன செய்கிறேன் என்பதைவிட எதைச் செய்யாமல் விடுகிறேன் என்பதுதான் இதில் முக்கியம். இரண்டையும் சொல்கிறேன்.

எனக்கு வலது கால். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். 1977-ல், ஒன்றரை வயதில் காய்ச்சல். பக்கத்து ஊருக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தார்கள். அடுத்த நாள் ஆச்சி என்னை நிறுத்திப் பார்த்தபோது வலது கால் துவண்டு மடிந்துவிட்டதாம். "ஊசி போட்டதுலதான் கால் போச்சு" என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். உங்களில் நிறையப் பேர் வீட்டிலும் இதே பேச்சு இருக்கும். அது வெறும் பேச்சு இல்லை. போலியோ கிருமி உடம்பில் இருக்கும் நேரத்தில் தசையில் ஊசி குத்தினால், குத்திய கையிலோ காலிலோ வாதம் வரும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவத்தில் நிரூபணமான விஷயம். கிருமி தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வந்த சுவடே தெரியாமல் போய்விடும். அந்த ஒருவராக நான் ஆனதற்கு ஊசி எவ்வளவு காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அம்மா அந்த ஊசியை நினைத்து அழுத அழுகை இருக்கிறதே! காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையை எந்தத் தாய்தான் தூக்கிக்கொண்டு ஓட மாட்டாள்? உங்கள் அம்மா உயிரோடு இருந்தால், அவள்மேல் குற்றமே இல்லை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் நடந்த வைத்தியம் உங்களுக்கும் தெரிந்ததுதான். நொச்சி இலை போட்ட வெந்நீர், எண்ணெய் போட்டு உருவிவிடுவது. கொல்லையில் இடுப்பளவு குழி வெட்டி என்னை உள்ளே நிறுத்தி, சுற்றிலும் மணலைத் தள்ளி மூடிவிடுவாள் ஆச்சி. வெயில் ஏறுகிற வரைக்கும் அப்படியே நிற்பேன். செத்த நரம்பை மணல் எழுப்பாது. ஆனாலும் படுத்தே கிடக்காமல் என்னை நிமிர்த்தி நிறுத்தியவள் அவள்தான்.

நடை வந்தது. எப்படிப்பட்ட நடை என்று நமக்குள் விளக்கவே வேண்டாம். வலது கையைத் தொடையில் ஊன்றி, முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டு இடது காலை எடுத்து வைப்பது. என் சுடிதார் எல்லாவற்றிலும் வலது தொடைப் பக்கம் மட்டும் உள்ளங்கை அளவுக்குத் துணி நைந்து வெளுத்திருக்கும். இந்த நடையிலேயே பள்ளி, கல்லூரி, வேலை, கல்யாணம், பிள்ளை எல்லாம் ஆயிற்று.

நாற்பத்திரண்டு வயதில் தளர்ச்சி தொடங்கியது. மத்தியானம் ஆனாலே உடம்பு ஓய்ந்துவிடும். நல்ல கால் என்று நம்பியிருந்த இடது கால் நடுங்கும். வலது தோளில் ஓயாத வலி. முதலில் பார்த்த மருத்துவர் இளைஞர், வயசாகுது, எடையைக் குறைங்க என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தியாவில் காட்டு வகைப் போலியோவின், அதாவது இயற்கையாகப் பரவும் போலியோவின், கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்த பகுதி என்ற சான்றிதழும் கிடைத்துவிட்டது. இன்று படித்து வெளியே வருகிற மருத்துவர் எங்கே போலியோ நோயாளியைப் பார்த்திருக்கப் போகிறார்? நோய் போய்விட்டது, நாம் இருக்கிறோம். அதனால்தான் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அவசியமாகிறது.

இந்தத் தளர்ச்சிக்குப் பின்போலியோ பாதிப்பு என்று பெயர். போலியோ வந்தபோது தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் செத்துப்போகின்றன. தப்பித்த நரம்பணுக்கள் புதுக் கிளைகளை விட்டு, அநாதையான தசை இழைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கின்றன, அண்ணன் பிள்ளைகளையும் சேர்த்து வளர்க்கிற சித்தப்பா மாதிரி. பல பத்தாண்டுகள் இப்படி இரட்டை வேலை பார்த்த நரம்பணு ஒரு கட்டத்தில் சோர்ந்துவிடுகிறது. நல்ல கால் என்று நாம் நினைப்பதிலும் கொஞ்சம் நரம்பணு அப்போதே போயிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை கிடையாது. தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, முதுகுத்தண்டுக் கோளாறு எல்லாம் இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும். தளர்ச்சி எல்லாவற்றையும் போலியோ தலையில் கட்டிவிடாதீர்கள்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். ஈரோட்டுப் பக்கம் நம்ம அண்ணன் ஒருவர் ஆசையாக ஜிம்முக்குப் போனார். வலிக்க வலிக்கச் செய்தால்தான் தசை ஏறும் என்று பயிற்சியாளர் போலியோ காலுக்கே எடையைக் கட்டிவிட்டார். அந்தக் காலில் மிச்சம் இருந்த பலமும் குறைந்துபோனது. பிறகு அவர் கிணற்று நீச்சலுக்கே திரும்பினார். சின்னப் பையனாக மிதப்பதற்கு முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய்) கட்டிப் பழகிய நீச்சல். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் மூட்டு நோகாமல் இப்போது தெம்பாக இருக்கிறார்.

எனக்கு வழி காட்டியவர் வயதான ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா. கையால் அழுத்திப் பார்த்து ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார். காலின் எடையை எதிர்த்து முழுசாகத் தூக்க முடிந்தால் 3. அதற்கும் கீழே உள்ள தசைக்கு எடையே கூடாது, அதற்கு மேலே இருந்தால் மெதுவாக ஏற்றலாம் என்றார். என் வலது தொடைத் தசைக்கு 1. அதோடு மல்லுக்கட்டுவதை அன்றைக்கே விட்டாச்சு. இடது கால், இடுப்பு, முதுகு, தோள், இவற்றைத்தான் வளர்க்கிறேன்.

ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூபை மாட்டி, கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுப்பேன். தோள்பட்டை இரண்டும் முதுகில் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். எட்டு தடவை இழுத்து இரண்டு நிமிஷம் ஓய்வு, மறுபடி எட்டு. தரையில் மல்லாந்து படுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கையிலும் மேலே தள்ளுவேன். இப்போது இரண்டு லிட்டர் பாட்டில். தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் இடது காலால் எழுந்து உட்காருவது மூன்றாவது. நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். நமக்கு ஒரு முறை விழுந்தால் எலும்பு போய்விடும், போலியோ கால் எலும்பு மெலிந்தது.

வலது காலுக்கு ஒன்றே ஒன்று. டைல்ஸ் தரையில் பவுடரைத் தூவி, உட்கார்ந்தபடி குதிகாலை வழுக்கவிட்டு முட்டியை மடக்கி நீட்டுவது. எடையைத் தாங்க வேண்டியதில்லை என்பதால் அந்தக் காலும் தன்னால் முடிந்த அளவு அசைகிறது. மார்கழியில் கால் ஜில்லென்று நீலம் பாரித்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், வெதுவெதுப்பான பிறகு செய்யுங்கள். சூடு உறைக்காத காலாக இருந்தால் வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இன்னும் ரெண்டு தடவை செய்யலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். மறுநாளும் அசதி இருந்தால் பாதியாகக் குறையுங்கள். மூச்சு வாங்குகிறவர்கள், சின்ன வயசில் மூச்சுத் தசை பாதித்தவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கவே வேண்டாம்.

முட்டிமேல் கை ஊன்றுவதை இப்போது விட்டு, வெளியே போகும்போது காலிபர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம்) போட்டு ஒரு ஊன்றுகோலும் எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் மனசு ஒப்பவில்லை. தோள்வலி பாதிக்குமேல் குறைந்ததும் ஒப்பிவிட்டது. ராஜிந்தர் சிங் ரஹேலு என்று ஒருவர், பஞ்சாப்காரர், கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்தவர். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 56 கிலோ பிரிவு பளுதூக்குதலில் வெண்கலம் வாங்கினார். பெஞ்சில் படுத்துக் கையால் மட்டுமே தூக்குகிற போட்டி அது. மேல் உடம்பு எவ்வளவு தூரம் வளரும் என்று சந்தேகப்படுகிறவர்களிடம் நான் அவரைத்தான் சொல்வேன்.

இரும்பும் தோலுமான பழைய காலிபரிலிருந்து எடை குறைந்த பிளாஸ்டிக் காலிபருக்கு மாறியவர்கள் யாராவது இருந்தால், முட்டி பின்னால் வளைவதை அது தாங்குகிறதா, வெயில் காலத்தில் தோல் புண்ணாகிறதா என்று எழுதுங்கள். அடுத்த மாதம் எனக்கு அளவெடுக்கப் போகிறார்கள்.